மெழுகு சூடு பத்தலை

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்து. மாலை ஐந்தேகால். ரேழியில் குட்டிக் குட்டியாக ஐந்து ஜோடிச் செருப்புகள். கூடத்தில் பாய் விரித்து, ஒன்பது வயது இருக்கும், ஒரு சிறுமி வீணையோடு உட்கார்ந்து சரளி வரிசை வாசித்துக்கொண்டிருந்தாள். நானும் என் மகளும் ஜன்னலோரம். சேர்வதற்கு முன் ஒரு வகுப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். டீச்சர் உடனே, "தாராளமா வாங்க" என்று சொல்லியிருந்தார்.

ஏறும்போது ஒழுங்காகப் போன வரிசை, இறங்கும்போது மத்திமத்தில் கரகரத்தது. திரும்ப வாசித்தாள். அதே இடத்தில் அதே கரகரப்பு. மூன்றாம் முறை டீச்சர் கையமர்த்தினார்.

"வீணையை விடு கண்ணு. அந்த இடத்தை மட்டும் வாயால பாடு."

பாடினாள்.

"சரியாத்தானே பாடற? அப்ப காதுல கோளாறு இல்ல."

எழுந்து போய்க் கொடியில் கிடந்த துண்டை எடுத்துவந்து நான்காக மடித்தார். சிறுமியின் இடது தொடைக்கும் வீணையின் சுரைக்காய்க்கும் நடுவே வைத்தார். வீணையின் நீண்ட கழுத்தான தண்டி இரண்டு விரற்கடை உயர்ந்தது. மடங்கிக் கிடந்த மணிக்கட்டு நிமிர்ந்தது. விரல் மெட்டின் மேல் சரியாக விழுந்தது. "இப்ப வாசி."

கரகரப்பு இல்லை.

இரண்டு மாதமாக ஆசிரியர் தேடி அலைந்த எனக்கு, நான் தேடியது எதை என்பது அந்தத் துண்டைப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

அதற்கு முன் ஒரு முறை கையைச் சுட்டுக்கொண்டோம். வீட்டுக்குப் பக்கத்தில், ஏ.சி. போட்ட கீபோர்டு வகுப்பு. எட்டுப் பிள்ளைகள், எட்டு ஹெட்போன், ஒரு மாஸ்டர். அவர் ஒவ்வொரு காதாக மாற்றி மாற்றிக் கேட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஆண்டு விழாவில் என் மகள் மேடையில் அசத்தினாள். காரில் வரும்போது சொன்னாள், "அப்பா, நான் வாசிக்கவே இல்லப்பா. சி.டி. ஓடுச்சு. விரலை மட்டும் ஆட்டச் சொன்னாங்க." கோப்பை இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத்தான் கூச்சம்.

பிறகு வீணை கற்க வேண்டும் என்று அவளே கேட்டாள். இந்த முறை விளம்பரத்தை நம்பாமல், நேரில் போய் உட்கார்ந்து பார்ப்பதென்று முடிவு செய்தேன். ஸ்ரீரங்கத்துக்கு முன் மூன்று வீடுகள்.

முதல் வீட்டில் சுவர் முழுக்கப் பொன்னாடைப் படங்கள். வகுப்புக்கு வந்திருந்த பையன் ஓரிடத்தில் தடுமாறினான். வித்வான் வீணையைத் தன் மடிக்கு மாற்றி, அந்தச் சங்கதியை வாசித்துக் காட்டினார். அதிலிருந்து ராகம் கிளம்பிற்று, பத்து நிமிடம். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். கண் திறந்தபோது பையன் பாயிலிருந்து கோரை பிய்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய வகுப்பு எனக்குக் கச்சேரியாகப் போயிருந்தது.

இரண்டாவது வீட்டில், தப்பு வந்தால் "இன்னொரு தடவை". மறுபடி "இன்னொரு தடவை". குழந்தை அதே தப்பைப் பதினோரு முறை வாசித்ததை எண்ணினேன். பயிற்சி நன்றாகத்தான் நடந்தது, தப்புக்கு.

மூன்றாவது வீட்டில் எதுவும் தப்பில்லை. "பரவால்ல, அடுத்தது பார்ப்போம்." மூன்றே மாதத்தில் கீதம், ஆறாவது மாதத்தில் மேடை என்று டீச்சர் உறுதி சொன்னார். பெற்றோருக்குத் தேன் வார்த்த மாதிரி இருந்தது. ஆனால் கர்நாடக இசையின் அடிப்படைப் பாடத்தை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்கும் வழக்கத்தைப் புரந்தரதாசர் ஏற்படுத்தினார் என்பார்கள். சரளி, ஜண்டை, தாட்டு வரிசைகள், அலங்காரம், அதன் பிறகு கீதம். அந்த ராகத்தில் சில ஸ்வரங்கள் ஒட்டி ஒட்டி நிற்கும், சில தள்ளித் தள்ளி. நெருக்கத்தையும் தொலைவையும் காதும் விரலும் ஒருசேரப் பழகிக்கொள்ளத்தான் அந்த ஏற்பாடு. அதை ஓடிக் கடந்தால் அஸ்திவாரம் போடாமல் மாடி கட்டுவதுதான்.

நான்காவது, ஸ்ரீரங்கத்து வீடு. தப்பு விழுந்ததும் அது எங்கிருந்து வந்தது என்று தேடியவர் அந்த ஒருவர்தான்.

"வீணையை உடனே வாங்கிடாதீங்க. மூணு மாசம் என் வீணையில வாசிக்கட்டும்" என்றார். மூன்று மாதம் கழித்து, "தஞ்சாவூர் போயிட்டு வாங்க. சின்ன அளவா பாருங்க. விலை கேக்கறதுக்கு முன்னாடி மேளம் கட்டறதைப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார்.

பஸ்ஸில் ஒரு மணி நேரம். பட்டறை வாசலில் பலாமரத் துண்டங்கள் காய்ந்துகொண்டிருந்தன. பண்ருட்டிப் பக்கத்து மரம். உள்ளே மஞ்சள் நிற மரத்தூளும் அரக்கு வாசனையும். ஒருவர் வீணைக் குடத்தைக் குடைந்துகொண்டிருக்க, இன்னொருவர் யாளி முகத்துக்குப் பல் செதுக்கினார். நகாசு வேலைக்குத் தனி ஆள். தந்தமும் மான்கொம்பும் இழைத்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் தகடு. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றிக் கேட்டேன். "பேரு வந்துச்சு சார். ஆளு வரணுமே" என்றார் பட்டறைப் பெரியவர். மகன் சென்னையில் வேறு வேலையில் இருக்கிறானாம்.

மேளம் கட்டுவது என்றால் மெட்டுகளைச் சுருதிக்கு நிறுத்துவது. தண்டியின் இரு பக்கமும் நீளவாக்கில் கறுப்பாக மெழுகு வரம்பு. தேன்மெழுகும் குங்கிலியமும் கரியும் கலந்தது. அதன்மேல் குறுக்கே 24 மெட்டுகள். ஒரு ஸ்தாயிக்கு 12, இரண்டு ஸ்தாயிக்கு 24. இப்படி மெட்டுகளை நிலையாகப் பதிக்கும் முறை 17-ஆம் நூற்றாண்டில், ரகுநாத நாயக்கர் காலத்தில் தஞ்சையில் வந்தது என்பது மரபு. மேலிருந்து குடத்தை நோக்கி வர வர இடைவெளி சுருங்கிக்கொண்டே போகும். எவ்வளவு சுருங்க வேண்டும் என்று எந்த அளவுகோலிலும் கோடு போட்டு வைக்கவில்லை. ஒவ்வொரு தண்டிக்கும் தந்திக்கும் அது கொஞ்சம் மாறும்.

பெரியவர் சாரணித் தந்தியை வெறுமனே மீட்டினார். பிறகு 12-ஆம் மெட்டில் விரலை வைத்து மீட்டினார். கீழ் ஷட்ஜமும் மேல் ஷட்ஜமும் ஒட்டவேண்டிய இடம் அது. எனக்கு ஒட்டியதாகத்தான் பட்டது. அவர் முகம் சுருங்கியது. மெட்டை நகத்தால் ஒரு மயிரிழை தள்ளினார். மீட்டினார். இன்னொரு மயிரிழை. சரியாக நின்றது போலிருந்தது. விரலை எடுத்ததும் மெட்டு பழைய இடத்துக்கே மெல்லச் சாய்ந்தது.

"மெட்டு சரியில்லையா ஐயா?"

"மெட்டு என்ன சார் பண்ணும்? மெழுகு சூடு பத்தலை."

இரும்புக் கம்பியை அடுப்பில் காய்ச்சி எடுத்து, மெட்டின் இரு முனையிலும் மெழுகின் மேல் ஓட்டினார். கறுப்பு மெழுகு பளபளத்து இளகியது. மறுபடி தள்ளி, மீட்டி, கேட்டு, ஆறும்வரை விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். எடுத்தபோது மெட்டு அசையவில்லை. இது ஒன்று. மீதி 23 இருந்தன. ஸ்ரீரங்கத்துத் துண்டு எனக்கு நினைவு வந்தது.

விலை பேசுவதற்கு முன் அவர் ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளை பாடுமா?"

"சுமாரா பாடுவா."

"அப்பச் சரி. பாடாத பிள்ளைக்கு வீணை வாங்கினா ஷோகேஸ்லதான் ஏறும்." ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை வேண்டுமா என்று நானே கேட்டேன். சிரித்தார். "அது இப்ப எதுக்கு? பழைய சின்ன வீணை ஒண்ணு கிடக்கு. புதுசா மேளம் கட்டித் தர்றேன். அவ வளரட்டும்." வெயிலில் வைக்காதீர்கள், மெழுகு இளகிவிடும், உறை போட்டு வையுங்கள், சில வருடத்துக்கொரு முறை மேளம் பார்க்கக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

டீச்சரின் வேலையும் இந்தப் பட்டறை வேலை மாதிரிதான். காலை ஆறு மணிக்கு அமெரிக்காவில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு இணைய வகுப்பு. "கூடவே வாசிக்க முடியாது. சத்தம் தாமதமா வரும், தாளம் ஒட்டாது. நான் வாசிச்சு நிறுத்துவேன், அதுங்க வாசிக்கும். துண்டு மடிச்சு வைக்கத்தான் கை எட்டாது" என்றார். மாலை நாலிலிருந்து எட்டு வரை தரையில் சம்மணம். முட்டிக்குத் தைலம். விஜயதசமிக்குக் கூடம் நிறையும். அரைப்பரீட்சை வந்தால் பாதி காலியாகும். ஏப்ரல், மே வந்தால் ஊருக்குப் போய்விடுவார்கள், சம்பளமும் கூடவே போய்விடும். "வராத மாசத்துக்கு எதுக்கு ஃபீஸ்னு கேக்கறாங்க. வீட்டு வாடகை அப்படிக் கேக்குமா?" இதைக் கேட்ட பிறகு, வகுப்பு நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாதம் பிறந்ததும் பணம் கொடுத்துவிடுகிறேன். கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கும் வழி இருக்கிறது. தமிழக அரசின் ஜவகர் சிறுவர் மன்றங்கள் விடுமுறை நாட்களில் பிள்ளைகளுக்கு இசையும் நடனமும் ஓவியமும் கற்றுத் தருகின்றன. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன.

ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் நான்கு வகுப்பு, ஒவ்வொன்றும் 45 நிமிடம். ஆக 180 நிமிடம். வீட்டில் தினம் 20 நிமிடம் வாசித்தால், நாலு நாள் தவறினாலும், 26 நாளில் 520 நிமிடம். வகுப்பைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. நான் மாதக்கணக்கில் தேர்ந்தெடுத்த டீச்சர் கால் பங்கு. மீதி முக்கால் பங்குக்கு ஆள் நான், சுருதி எது தாளம் எது என்று தெரியாதவன்.

டீச்சரிடம் போய் நின்றேன். "நீங்க சொல்லிக்கொடுக்க வேண்டாம். கெடுக்காம இருந்தா போதும்" என்றார். மூன்று வேலை கொடுத்தார். வகுப்பின் கடைசி ஐந்து நிமிடத்தை மொபைலில் பதிவு செய்துகொள்வது. தினமும் ஒரே நேரத்துக்குச் சுருதிப் பெட்டியைப் போட்டு வைப்பது. ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாக இரண்டு மணி நேரம் வாசித்து ஈடுகட்டக் கூடாது, விரல் நுனி புண்ணாகும், மனசும் வெறுத்துப்போகும். மூன்றாவது, விருந்தாளி வந்தால் "எங்க, ஒண்ணு வாசிச்சுக் காட்டு" என்று கேட்கவே கூடாது.

முதல் இரண்டும் சுலபமாக வந்தன. மூன்றாவதில் ஒருமுறை தவறினேன். மைத்துனர் குடும்பத்தோடு வந்திருந்தபோது வாய் தவறிக் கேட்டுவிட்டேன். வாசித்தாள். முடித்து உறையை மாட்டியவள் நான்கு நாள் வீணையைத் தொடவில்லை.

போன வாரம் நடந்தது. சாயங்காலம் ஆறரை. கூடத்தில் ஜண்டை வரிசை. நான் சமையலறையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். ஒரே இடத்தில் தட்டிக்கொண்டேயிருந்தாள். மூன்றாவது தடவை, நான்காவது தடவை. "தப்பு, திரும்ப வாசி" என்று கத்த வாயெடுத்தேன். பதினோரு முறை எண்ணியது நினைவுக்கு வந்து, கூடத்துக்குப் போய், "எந்த இடம்? பாடிக் காட்டு" என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "பாட வருதுப்பா. நீ மிக்ஸி போட்டா சுருதி கேக்கல, அதான்."

அன்றிலிருந்து ஆறரை முதல் ஆறு ஐம்பது வரை எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடுவதில்லை.