எவ்ளோ குடுக்குது?

கார் வைத்திருப்பவரைப் பார்த்தால் நம் ஊரில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். "எவ்ளோ குடுக்குது?" ஏதோ பசு மாட்டைப் பற்றி விசாரிப்பது மாதிரி :) பதிலும் உடனே வரும். "பதினெட்டு குடுக்குது சார்." அளந்து பார்த்தீர்களா என்று கேட்டால் மட்டும் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

மதுராந்தகத்தில் ஒரு லேப் டெக்னீஷியன் இருக்கிறார். வேலை தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில். போக 55, வர 55, ஆக தினமும் 110 கிலோமீட்டர். வண்டி 2008-ல் அவருடைய அப்பா வாங்கிய மாருதி 800. 2023-ல் பதினைந்து வருடம் முடிந்ததும் எஃப்.சி. காட்டி, பசுமை வரி கட்டி, இன்னும் ஐந்து வருடத்துக்கு ஆர்.சி. புதுப்பித்தாகிவிட்டது. அப்பாவுக்குக் கண் பார்வை குறைந்த பிறகு ஸ்டியரிங் மகள் கைக்கு வந்தது.

மாதம் 25 நாள் வேலை என்றால் 2,750 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 13 கொடுத்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே மாதம் 21,000 ரூபாய்க்கு மேல். சம்பளத்தில் பாதி! அவர் முன்னால் இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கடனில் புது வண்டி வாங்குவது. இல்லையென்றால் தாம்பரம் வேலையை விட்டுவிட்டு, உள்ளூரில் பாதிச் சம்பளத்துக்கு ஒரு சின்ன லேபில் சேருவது.

மூன்றாவது வழி காருக்குள்ளேயே இருந்தது. டேஷ்போர்டில் அப்பாவின் பாக்கெட் டைரி.

கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதிப் பழகிய கை அது. ஒவ்வொரு முறை பெட்ரோல் போட்டதும் தேதி, ஓடிய கிலோமீட்டர், எத்தனை லிட்டர் என்று வரிசையாக எழுதி வைத்திருந்தார். 2012-ல் 17, 17.5 என்று ஓடிய எண்கள் 2019-க்குப் பிறகு 14-க்கு இறங்கியிருந்தன.

"வண்டி அதேதாம்மா. பெட்ரோல்தான் மாறிடுச்சு" என்றார் அப்பா. அதிலும் உண்மை உண்டு. எத்தனாலில் பெட்ரோலை விட ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் எத்தனால் கலந்தால் பழைய வகை கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்கிறது. ஆனால் 17.5-ல் இருந்து 13 என்பது 25 சதவீதத்துக்கும் மேலான சரிவு. மொத்தப் பழியையும் பெட்ரோல் மேல் போட முடியாது. மிச்சம் எங்கே போகிறது?

இங்கேதான் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை, பிறகு இரண்டு டேங்க் ஓட்டிப் பார்த்து டைரியில் எழுதுவது. அளக்கும் முறை ரொம்பச் சுலபம். ஒரே பங்கில் டேங்கை நிரப்புங்கள். பம்ப் தானாக நின்றதும் நிறுத்திக்கொள்ளுங்கள். கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை அதே மாதிரி நிரப்பும்போது, ஓடிய தூரத்தை இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ்.

முதலில் டயர் காற்று. கையேட்டில் சொன்னதை விட 8 பாயிண்ட் குறைவாக இருந்தது. சரியாக அடித்ததும் 13 என்பது 13.3 ஆனது. பெரிய மாற்றம் இல்லைதான். ஆனால் செலவும் இல்லையே!

அடுத்து மெக்கானிக் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். கரி பிடித்து கன்னங்கரேல் என்று இருந்தது. "வண்டிக்கு எப்பவும் குளிர் ஜுரம் மேடம். சூடே ஏற மாட்டேங்குது" என்றார். டைரியைப் புரட்டினால் 2019-ல் அப்பா எழுதிய ஒரு வரி: "ஹீட் ஆச்சு. தெர்மோஸ்டாட் கழட்டியாச்சு."

நிறைய பழைய வண்டிகளில் நடக்கிற கதை இது. இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுத்து வைப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. அதைக் கழற்றிவிட்டால் ஹீட் ஆகும் தொல்லை அப்போதைக்கு அடங்கும். ஆனால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வரவே வராது. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் ஒரு சென்சார் "இன்னும் குளிராகவே இருக்கிறது" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டரும் காலையில் முதல் தடவை ஸ்டார்ட் செய்த மாதிரி அதிகப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க! உங்கள் வண்டியில் அரை மணி நேரம் ஓட்டிய பிறகும் டெம்பரேச்சர் முள் கீழேயே படுத்திருந்தால் இதைச் சந்தேகப்படலாம்.

வெறுமனே புது தெர்மோஸ்டாட் போட்டால் பழையபடி ஹீட் ஆகும் என்பதால் முதலில் ரேடியேட்டர் அடைப்பை எடுத்து, ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்து, அதன் பிறகு மாட்டினார்கள். 14.8.

மூன்றாவது, பின் சக்கரம். ஜாக்கி போட்டுத் தூக்கிக் கையால் சுற்றினால் சுற்றவில்லை. ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து இறுகி, பிரேக் ஷூ உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. பிரேக்கை மிதித்துக்கொண்டே தாம்பரம் வரை போவது மாதிரிதான். சரி செய்ததும் 15.4.

நான்காவது வண்டியில் இல்லை, ஓட்டுபவர் காலில் இருந்தது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப கூடும். 60-ல் இருக்கும் தடையை விட 80-ல் இருப்பது கிட்டத்தட்ட 1.8 மடங்கு. செங்கல்பட்டு தாண்டும் வரை உள்ள சுமார் 30 கிலோமீட்டர்தான் ஜி.எஸ்.டி. சாலையில் ஓரளவு காலி. அதை 80-க்குப் பதில் 60-ல் போனால் ஏழரை நிமிடம் அதிகம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கூடுவாஞ்சேரி, வண்டலூர் நெரிசலில் எல்லோரும் சமம் :) 17 தொட்டது.

"பாலம் இறங்குறப்ப நியூட்ரல் போட்டுடும்மா" என்ற அப்பாவின் பாடத்தை மட்டும் அவர் விட்டுவிட்டார். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் அது. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கியரிலேயே இருந்து ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் பெட்ரோல் தெளிப்பதே நின்றுவிடும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் வேண்டும். இறக்கத்தில் இன்ஜினின் பிடிமானமும் போய்விடும்.

17 வந்ததும் ஆசை கூடியது. பெட்ரோலில் ஊற்றும் மருந்து, குழாயில் கட்டும் காந்தம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த மாதிரி நூறுக்கும் மேற்பட்ட கருவிகளைச் சோதித்துப் பார்த்து, மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டும் ஒன்றையும் காணவில்லை.

அதை விட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. அவருடைய 2,750 கிலோமீட்டருக்கு, 13-ல் இருந்து 15-க்கு ஏறினால் மாதம் 28 லிட்டர் மிச்சம். 15-ல் இருந்து 17-க்கு ஏறினால் 22. 17-ல் இருந்து 19-க்கு ஏறினால் 17 லிட்டர்தான். ஒவ்வொரு முறையும் ஏறுவது அதே 2 கிலோமீட்டர், மிச்சம் மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது. லாரிக், சோல் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2008-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதிக் காட்டியதும் இந்த ஏமாற்றத்தைத்தான். வீணாகப் போவதை நிறுத்தினால் லாபம் பெரிது. நன்றாக ஓடும் வண்டியை மேலும் கசக்கினால் லாபம் சிறிது.

அதனால் அவர் வண்டியை விட்டுவிட்டுத் தூரத்தைப் பார்த்தார். இரவு ஷிப்டுக்குக் கார் வேண்டும். பகல் ஷிப்டுக்கு? செங்கல்பட்டு ஸ்டேஷனில் காரை நிறுத்திவிட்டுத் தாம்பரத்துக்கு மின்சார ரயில். மாதம் 12 நாள், நாளுக்கு 60 கிலோமீட்டர் குறைந்தது. 42 லிட்டர் மிச்சம்! பார்க்கிங், சீசன் டிக்கெட் போகவும் மூவாயிரத்துக்கு மேல் கையில் நின்றது. ஓடாத கிலோமீட்டரை விட நல்ல மைலேஜ் எந்த வண்டியும் கொடுக்காது.

இப்போது மாதப் பெட்ரோல் 12,000 ரூபாய்க்குள் அடங்குகிறது. தாம்பரம் வேலை தப்பித்தது. புது வண்டிக் கடன் இல்லை. 2028 வரை இந்த வண்டிதான் என்று முடிவாகிவிட்டது.

அப்பா இன்னும் தினமும் வாசலில் உட்கார்ந்து கேட்கிறார், "இன்னிக்கு எவ்ளோ குடுத்துது?" அவரால் டைரியைப் படிக்க முடியாது. மகள் எழுதிவிட்டு உரக்கப் படிக்கிறார். ஒரு புள்ளி குறைந்தாலும் அடுத்த கேள்வி உடனே வரும்: "காத்து பார்த்தியாம்மா?"

உங்கள் வீட்டு வண்டி எவ்ளோ குடுக்குது? வாயால் சொல்ல வேண்டாம். இரண்டு டேங்க் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் :)