பழைய லாரியின் கண்ணாடி

புதுவாயல் நெடுஞ்சாலையோரப் பட்டறையொன்றில், எண்ணூர் ஆலையில் உருவான பழைய லேலண்ட் லாரி ஒன்று புதுப்பிக்கப்படக் கண்டோம். முகப்புக் கண்ணாடி ஓரங்களிலிருந்து நடுவரை பால்போல் வெளுத்திருந்தது. "அசல் கண்ணாடி, சாமி, மாற்ற மனமில்லை" என்றார் உரிமையாளர்.

இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே ஒட்டிய பிளாஸ்டிக் படலம், ஈரம் புகுந்தால் பிரிந்து வெளுக்கும், மெருகிட்டாலும் தெளியாது. (இவ்வகைக் கண்ணாடிக்கு 1909இல் காப்புரிமை பெற்றவர் பிரெஞ்சுக்காரரான பெனடிக்டஸ்.) கதவுக் கண்ணாடிகளின் மெல்லிய கீறல்களைச் சீரியம் ஆக்சைடு கொண்டு தேய்த்து நீக்கலாம், அவை அசலாகவே இருக்கட்டும். முகப்பை அவ்வாறு விட்டுவைக்க நாம் ஒவ்வோம். இரவில் எதிர்வண்டியின் விளக்கொளி அவ்வெண்மையில் சிதறினால், சாலை கடக்கும் ஆலைத் தொழிலாளர் ஓட்டுநரின் கண்ணிற் படார். தட்டையான முகப்பாதலின் புதிய அடுக்குக் கண்ணாடியை அளவுக்கு வெட்டிப் பொருத்தலாம்; கடினமாக்கிய கண்ணாடியோ வெட்டினால் நொறுங்கிவிடும். சுற்றியுள்ள ரப்பர் பட்டையையும் மாற்றவேண்டும். ஈரம் நுழையும் வழி அதுவே.