ஆடிக் கிருத்திகையின் நிலா

பொதட்டூர்பேட்டையில் தன் நட்சத்திரம் தெரியாதவரைப் பார்ப்பது அரிது. பிறந்த தேதி தெரியாத கிழவிகூட அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது "பூசம், கடக ராசி" என்று கணீரென்று சொல்வார். மளிகைக் கடைச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் அன்றைய நட்சத்திரம், அது எத்தனை மணி வரை, மேல்நோக்கு நாளா கீழ்நோக்கு நாளா, யாருக்குச் சந்திராஷ்டமம் என்று எல்லாமே இருக்கும். புதுத் தறி இறக்குவதா, பத்திரம் பதிவதா, பெண் பார்க்கப் போவதா, முதலில் அந்தத் தாளைத்தான் பார்ப்போம். ஆனால் அந்தப் பூசம் வானத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது. தலைமுறை தலைமுறையாக அண்ணாந்து பார்த்துச் சேர்த்த கணக்கு, தாளோடு நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தவர்களுக்கு அந்தக் கணக்கின் வாசல் திருத்தணியிலேயே இருக்கிறது. ஆடிக் கிருத்திகை விழா அசுவினி அன்று களைகட்டும். மறுநாள் பரணி, அதற்கு மறுநாள் கிருத்திகை. புஷ்பக் காவடிகள் 365 படி ஏறும். அடிவாரத்துச் சரவணப் பொய்கையில் மாலைகளில் தெப்பம் சுற்றும். அசுவினி, பரணி, கிருத்திகை மூன்றும் 27 நட்சத்திரங்களின் வரிசையில் முதல் மூன்று. நிலா வானத்தில் அடுத்தடுத்துக் கடந்து போகும் மூன்று மனைகளைத்தான், தெரிந்தோ தெரியாமலோ, நாம் விழாவாகக் கொண்டாடுகிறோம்.

நிலா நட்சத்திரங்களினூடே ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறக்குறைய 27.3 நாள். அதனால் அதன் பாதையை 27 பங்காக்கினார்கள். ஒரு பங்கு 13 பாகை 20 கலை. ஒவ்வொன்றிலும் நான்கு பாதம். ஆக மொத்தம் 108 பாதம், ஒன்பது பாதம் சேர்ந்தால் ஒரு ராசி. "இன்று கிருத்திகை" என்றால் நிலா இப்போது அந்தப் பங்குக்குள் இருக்கிறது, அவ்வளவுதான்.

காலண்டரில் ஒரு நட்சத்திரம் காலை ஆறு மணிக்கு முடிகிறது, இன்னொன்று இரவு பத்துக்கு முடிகிறது என்று இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். நிலாவின் பாதை சரியான வட்டம் இல்லை. பூமியை நெருங்கும்போது வேகமாக ஓடும், விலகும்போது தளர்ந்து நடக்கும். வேகமான நாளில் ஒரு நட்சத்திரத்தைச் சுமார் 21 மணி நேரத்தில் கடந்துவிடும். மெதுவான நாளில் 27 மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். வேகம் கூடிக் குறைந்து பழைய நிலைக்குத் திரும்ப 27½ நாளுக்குச் சற்றுக் கூடுதலாகும். ஒன்பது சுற்றுக்கு 248 நாள். வாக்கியப் பஞ்சாங்கத்தின் அடிப்படையே இதுதான். அந்த 248 நாளுக்கும் நிலா நிற்கும் இடத்தை எழுத்தில் எண்ணைப் பொதித்து 248 வாக்கியங்களாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். வரருசி செய்தது என்பது மரபு. தொலைநோக்கி எட்டிக்கூடப் பார்க்காத காலத்தில் நிலாவின் தளர்நடையையும் ஓட்டத்தையும் ஒருவர் பிடித்துவைத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். திருக்கணிதத்துக்கும் வாக்கியத்துக்கும் இன்று நாழிகைக் கணக்கில் வித்தியாசம் வரலாம். அதற்காகப் பழையதை இளக்காரமாகப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை.

கிருத்திகையையே எடுத்துக்கொள்வோம். அதன் முதல் பாதம் மேஷத்தில், மற்ற மூன்றும் ரிஷபத்தில். அதனால்தான் இரண்டு பேருக்கும் கிருத்திகையாக இருந்தும் ராசி வேறுபடுகிறது. தேவதை அக்கினி, தசாநாதன் சூரியன், ஆறு வருடம். குழந்தை பிறக்கையில் நிலா கிருத்திகையில் சரிபாதி தூரம் கடந்திருந்தால் சூரிய தசையில் மூன்று வருடம்தான் மீதி, பிறகு சந்திர தசை பத்து வருடம். ஜாதகத்தில் "கர்ப்பச் செல் போக தசை இருப்பு" என்று எழுதுகிறார்களே, அந்த வரி பிறந்த நேரத்து நிலா கிருத்திகைக்குள் எவ்வளவு தூரம் நடந்திருந்தது என்பதை அளந்து சொல்வது.

முருகனுக்குப் பாலூட்டிய ஆறு கார்த்திகைப் பெண்களும் அதே வானத்தில் சிறு கொத்தாக நிற்கிறார்கள். சாதாரணக் கண்ணுக்கு ஆறு தெரியும், கூர்மையான கண்ணுக்குக் கூடுதலாக. உண்மையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள், நம்மிடமிருந்து சுமார் 440 ஒளியாண்டு தொலைவில்.

அந்தக் கொத்தின் பக்கத்தில் நிலா மாதம் ஒருமுறை வரும். ஆனால் வரும் முகம் மாதத்துக்கு மாதம் வேறு. கார்த்திகையில் முழு நிலாவாக வருகிறது, தீபம் ஏற்றுகிறோம். மாசியில் வளர்பிறைப் பாதி நிலா. சித்திரையில் அமாவாசையை ஒட்டி வருவதால் கண்ணுக்கே தெரியாது. ஆடியில் எப்போதும் தேய்பிறை, அஷ்டமியிலிருந்து ஏகாதசிக்குள். சூரியன் கடகத்திலும் நிலா மேஷ ரிஷப எல்லையிலும் இருந்தால் வேறு எப்படியும் அமைய வழியில்லை. ஆடியில் சில வருடம் கிருத்திகை இரண்டு முறை வரும். 2025இல் ஜூலை 20, ஆகஸ்ட் 16 இரண்டு நாளும் கிருத்திகை. எது ஆடிக் கிருத்திகை என்று வீட்டுக்கு வீடு விவாதம் நடந்தது. முதலாவதில் மெலிந்த தசமி நிலா, இரண்டாவதில் பாதி தேய்ந்த அஷ்டமி நிலா. வானத்தைப் பார்த்திருந்தால் அந்த விவாதம் இன்னும் சுவையாக இருந்திருக்கும்.

விழாக் கூட்டத்தில் பாதிப் பேர் பேசுவது தெலுங்கு. நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்திலிருந்து காவடியோடு வருபவர்கள் அவர்கள். அவர்களுடைய பஞ்சாங்கத்தில் மாதம் அமாவாசையோடு முடியும்; ஆடி என்று ஒரு மாதமே அதில் கிடையாது. ஆனாலும் அவர்களுக்கும் இது 'ஆடி கிருத்திகை'தான். 1960 ஏப்ரல் 1 வரை இந்தப் பகுதியே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. மாநில எல்லை நகர்ந்தது, மாதக் கணக்கு வேறு, மொழி வேறு. நிலா எந்த நட்சத்திரத்தில் நிற்கிறது என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் பேச்சே இல்லை.

இதே நட்சத்திரங்களை வைத்து வீட்டுப் பெண்களை நோகடிப்பதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். மூலம் என்றால் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் என்றால் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு, விசாகம் இளைய மைத்துனருக்கு. நல்ல படிப்பு, நல்ல குணம் எல்லாம் இருந்தும் எங்கள் தெருப் பெண் ஒருத்தியின் ஜாதகம் மூலம் முதல் பாதம் என்பதற்காகத் திரும்பி வந்தது. அவள் அம்மா அழுததைப் பார்த்தேன்.

ஆடிக் கிருத்திகை நெருங்கும் நாட்களில் நிலா நள்ளிரவை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் எழும். முன்னிரவு இருட்டாக இருக்கும். மேகம் விலகிய ஒரு நாள் எட்டு மணிக்கு அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் தெற்கே காட்டினேன். கேட்டை செக்கச் செவேலென்று எரிந்துகொண்டிருந்தது. அங்கிருந்து விருச்சிகத்தின் உடல் கீழே இறங்கி, வால் கொக்கிபோல் வளைந்து மேலே திரும்பும். அந்த வால்தான் மூலம். கொடுக்கில் இரண்டு விண்மீன்கள் நெருங்கி ஒளிர்ந்தன. கொடுக்குக்குச் சற்று மேலே, வெண்மையாகப் படர்ந்திருக்கும் பால்வெளியின் மையம். சூரியனும் நாமும் அதைத்தான் சுற்றுகிறோம். பஞ்சாங்கக் கணக்கில் அந்த மையம் விழுவது தனுசு மூன்று பாகையில். அதாவது மூலம் முதல் பாதத்தில். இதை எந்தத் தரகரும் அவளுக்குச் சொன்னதில்லை.

அவள் நெடுநேரம் பார்த்தாள். படம் எடுக்க முயன்றாள், போனில் ஒன்றும் விழவில்லை. அவள் அம்மா தன் நட்சத்திரமான உத்திரட்டாதி எங்கே என்று கேட்டார். ஒன்பது மணிக்கு மேல் கிழக்கே எழும் என்றேன். கீழே போய்ச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, அப்பாவையும் கூட்டிக்கொண்டு மறுபடி மேலே வந்தார்கள்.