ஒன்னாம் நம்பர் பஸ்ல ஒரு சொத்துக் கணக்கு

ஸ்ரீரங்கத்துலேர்ந்து சத்திரம் போற ஒன்னாம் நம்பர் பஸ்.
பின் சீட்ல ரெண்டு காலேஜ் பசங்க.
"கிரீஷ் மாத்ருபூதத்துக்கு எவ்வளவுடா தேறும்?"

மனுஷன் திருச்சிக்காரர். தஞ்சாவூர் சண்முகாவுல இன்ஜினியரிங், அப்புறம் சோஹோவுல பல வருஷம். அமெரிக்காவுலேர்ந்து சென்னை திரும்புறப்ப டிவி உடைஞ்சுது. இன்சூரன்ஸ் பணம் இழுத்தடிச்சாங்க. கடுப்புல இணையத்துல எழுதினார், பணம் வந்துருச்சு. ஒரு வாடிக்கையாளர் வாய் திறந்தா இவ்வளவு நடக்குமா! 2010-ல வாடிக்கையாளர் சேவை மென்பொருள் கம்பெனியா ஃப்ரெஷ்டெஸ்க் பிறந்ததுல அந்த டிவிக்கும் பங்கு உண்டு.

(நம்ம வீட்லயும் டிவி உடைஞ்சுது. பழைய சாமான்காரர் எடுத்துட்டுப் போனார். கதை முடிஞ்சுது.)

2021 செப்டம்பர்ல, ஃப்ரெஷ்வொர்க்ஸ்னு பேர் மாறியிருந்த கம்பெனி நாஸ்டாக் ஏறிச்சு. பங்கு 36 டாலர், திரட்டினது 100 கோடி டாலருக்கு மேல. அந்த வேலைக்கு உள்ளுக்குள்ள வெச்ச பேரு 'சூப்பர்ஸ்டார்'. அவ்வளவு ரஜினி பக்தி!

அன்னிக்கு ஊழியர்கள் 500 பேருக்கு மேல கோடீஸ்வரங்க ஆனாங்க. அதுல 70 பேர் வரைக்கும் முப்பது வயசுக்குக் கீழ. அவர் சொத்தை விட எனக்கு இதுதான் பெருசாத் தெரியுது.

அந்த வருஷக் கடைசிக்குள்ளயே பங்கு 36-க்குக் கீழ சரிஞ்சுது, அதையும் சொல்லணும்ல. 2024 மே மாசம் சிஇஓ நாற்காலியை டென்னிஸ் வுட்சைடுகிட்ட கொடுத்துட்டார். டுகெதர் ஃபண்ட் முதலீடு, மாமல்லபுரத்துல எஃப்சி மெட்ராஸ் கால்பந்து அகாடமின்னு கவனம் வேற பக்கம்.

பசங்க சத்திரத்துல இறங்கிட்டாங்க.

திருச்சியில ஊழியருக்குப் பங்கு கொடுக்கிற கம்பெனி ஏதாவது உங்களுக்குத் தெரியுமா? கமென்ட்ல சொல்லுங்க.