வீட்டு வாயிலும் தொழில் வாயிலும்

'வீடு' என்னும் சொல் தமிழில் குடியிருக்கும் மனையையும் குறிக்கும். பற்றுகள் அனைத்தும் நீங்கிய பேரின்ப நிலையையும் குறிக்கும். பகலெல்லாம் உழைத்தவன் தன் சுமைகளை விட்டு இளைப்பாறும் இடமாதலின் இரண்டிற்கும் ஒரே பெயர் பொருந்தியதோ என எண்ணத் தோன்றுகிறது. அத்தகைய வீட்டிற்குள் தொழிலை அழைத்து வரலாமா, வரலாம் எனின் யாரைக் கேட்டு அழைத்து வருவது என்னும் வினா சில ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் குடும்பத்தில் எழுந்தது. தமிழ் கற்பித்தே காலம் கழித்த நான் நகரமைப்புச் சட்டத்தின் பக்கங்களைப் புரட்ட நேர்ந்தது அவ்வினாவால்தான். அப்போது அறிந்தவற்றை இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் சொல்ல விழைகிறேன்.

என் மகள் பட்டயக் கணக்கர் தேர்வில் தேறியவள். சென்னையில் பணியாற்றி வந்தாள். கணவரை இழந்தபின் இரு சிறு குழந்தைகளுடன் எங்களிடம் வந்து சேர்ந்தாள். சிறுவணிகர்க்கு வரிக்கணக்கு எழுதித் தரும் அலுவலகம் ஒன்று தொடங்க வேண்டும் என்பது அவள் எண்ணம். கடைத்தெருவில் இடம் பிடிக்க முன்பணம் இல்லை. குழந்தைகளைப் பகல் முழுதும் பிரிந்திருக்கவும் மனமில்லை. எங்கள் வீடு மூலைமனையில் அமைந்தது. ஒருபுறம் பெருஞ்சாலை, வாயில் இருக்கும் மறுபுறம் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய குறுந்தெரு. "அத்தா, முன்கட்டை எனக்குத் தாருங்கள். நான்கு பேரை வேலைக்கு வைத்துப் பிழைத்துக்கொள்வேன். பின்கட்டில் நாம் எல்லாரும் இருப்போம்" என்றாள். வீடு என்னுடையது, மகள் என்னுடையவள். இதில் ஊராரைக் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்றே முதலில் எவருக்கும் தோன்றும்.

நம் முன்னோர் வாழ்க்கையும் அவ்வாறு எண்ணத்தக்கதாகவே இருந்தது. நெசவாளர் வீட்டின் நடுவே தறி இருந்தது. கணக்கர் திண்ணையில் அமர்ந்து ஏடு எழுதினார். மருத்துவர் தம் முற்றத்திலேயே நோயாளியைப் பார்த்தார். எனினும் எத்தொழில் எங்கே இருப்பது என்னும் ஒழுங்கு பண்டைத் தமிழர் அறியாததன்று. சிலப்பதிகாரம் காட்டும் புகார் நகரத்தில் கடலை அடுத்த மருவூர்ப்பாக்கத்தில் கைவினைஞரும் பல்பொருள் விற்போரும் வாழ்ந்தனர். பட்டினப்பாக்கத்தில் அரச வீதியும் பெருங்குடி வாணிகர் வீதியும் பிறவும் இருந்தன. இரண்டிற்கும் இடையே நாளங்காடி நடந்தது.

இக்கால மண்டல முறை வேறொரு நெருக்கடியில் பிறந்தது. நியூயார்க் நகரில் 1915-ஆம் ஆண்டில் எழுந்து முடிந்த ஈக்விடபிள் கட்டடம் 38 மாடிகளுடன் தெரு விளிம்பிலிருந்து நேரே மேலெழுந்து, அண்டைக் கட்டடங்களின் வெயிலையும் காற்றையும் மறைத்தது. மறு ஆண்டே, 1916-இல், நகரம் முழுவதையும் பயன்பாட்டு மண்டலங்களாகப் பகுத்து, கட்டடங்களின் உயரத்துக்கும் வடிவுக்கும் வரம்பு கட்டும் விதிகளை அந்நகரம் வகுத்தது. தன் நிலத்தைத் தன் விருப்பப்படி ஆள இவ்விதிகள் தடையாகுமே என்னும் வழக்கு ஒகையோ மாநிலத்து யூக்ளிட் என்னும் சிற்றூரிலிருந்து எழுந்தது. 1926-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் மண்டல முறை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நம் பகுதியிலும் நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ் 1914, 1915-ஆம் ஆண்டுகளில் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. இன்று தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம்.

அச்சட்டத்தில் என்னை நிறுத்திச் சிந்திக்க வைத்தது ஒரு விளக்கம். 'வளர்ச்சிப் பணி' எனின் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டுவது மட்டுமே என நாம் கருதுகிறோம். கட்டடத்தின் பயன்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவதும் வளர்ச்சிப் பணியே என்கிறது சட்டம். ஒரு செங்கல்லும் நகராமல் வீடு அலுவலகமாகலாம். ஆயினும் அதற்குத் திட்ட அனுமதி வேண்டும். வீட்டில் குடியிருக்கும் மருத்துவரோ வழக்கறிஞரோ தம் வீட்டிலேயே ஆலோசனை அறை வைத்துக்கொள்ளக் குடியிருப்பு மண்டலத்திலும் விதிகள் இடந்தருகின்றன. நான்கு பேர் பணியாற்ற, நாள்தோறும் பலர் வந்து போக, முன்கட்டு முழுவதும் அலுவலகமாகும்போது அந்த எல்லை கடந்து விடுகிறது. எங்கள் மனையோ முழுமைத் திட்ட வரைபடத்தில் குடியிருப்பு என வண்ணமிடப்பட்ட பகுதியில் இருந்தது. ஆகவே முதலில் நிலப் பயன்பாட்டு மாற்றமும், அதன்பின் திட்ட அனுமதியும் பெற வேண்டும் என வரைபடம் வரைந்து தந்த பொறியாளர் விளக்கினார்.

"பெயர்ப்பலகை மாட்டித் தொடங்கிவிடுங்கள், எவரேனும் புகார் கொடுத்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று அறிவுரை கூறியோர் பலர். அவர்களுக்கு நான் டில்லியை நினைவூட்டினேன். அங்கே குடியிருப்பு மனைகளில் அனுமதியின்றிக் கடைகளும் அலுவலகங்களும் ஆண்டாண்டாகப் பெருகின; எவரும் கேட்கவில்லை. 2006 பிப்ரவரி 16 அன்று அத்தகைய இடங்களைப் பூட்டி முத்திரையிடுமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. கதவுகள் மூடப்பட்டன, வணிகர் தெருவில் இறங்கினர், போராட்டத்தில் உயிர்களும் பலியாயின. நாடாளுமன்றம் தற்காலிகப் பாதுகாப்புச் சட்டம் இயற்ற நேர்ந்தது. 2007 பிப்ரவரியில் வெளியான புதிய முழுமைத் திட்டம் குறிப்பிட்ட தெருக்களில் கலப்புப் பயன்பாட்டுக்கு இடமளித்தது. கண்டுகொள்ளாமல் விடப்பட்ட மீறல் உரிமையாகி விடுவதில்லை. அதை நம்பிப் பிழைப்பவர் தலைமேல் அது என்றும் தொங்கிக்கொண்டே இருக்கிறது. "இரு குழந்தைகளின் சோற்றை அப்படியொரு கயிற்றில் கட்டித் தொங்கவிட மாட்டேன், அத்தா" என்றாள் மகள்.

பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி இரசீது, மனை வரைபடம் ஆகியவற்றோடு விண்ணப்பம் சென்றது. பொதுமக்கள் கருத்தறியும் அறிவிப்பு நாளிதழில் வெளிவந்தது. எதிர்ப்புக் கடிதம் ஒன்று சேர்ந்தது. எழுதியவர் எதிர்வீட்டில் வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். என் மகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவர். அவருடைய துணைவியார் பக்கவாதத்தால் படுக்கையில் இருந்தார்.

வீட்டில் சிலர் சினந்தனர். மகள் சினக்கவில்லை. அன்று மாலையே எதிர்வீட்டிற்குச் சென்றாள். நானும் உடன் சென்றேன். "உன் பிழைப்பைக் கெடுக்க எழுதவில்லையம்மா" என்றார் அவர். "நடு இரவில் இவளை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. பகலிலும் ஆம்புலன்ஸ் வந்தால் தெருவில் வண்டி நிற்கக்கூடாது. உன்னிடம் வருகிறவர்கள் தம் வண்டிகளை எங்கே நிறுத்துவார்கள்?" மகளிடம் அதற்கு விடையில்லை. வரைபடத்தில் அறைகளின் நீள அகலம் இருந்தது. அந்த அம்மையாரின் கட்டில் இல்லை. நகரமைப்பு நூல்கள் போக்குவரத்து, இரைச்சல், வண்டி நிறுத்துமிடம் எனப் பெயரிட்டு அடுக்கும் காரணங்கள் யாவும் அந்த ஒரு கட்டிலில் அடங்கியிருந்தன.

மறுநாள் பொறியாளரை அழைத்து, அலுவலகத்தின் வாயிலைப் பெருஞ்சாலைப் பக்கம் திருப்ப முடியுமா என்று கேட்டாள். மதிலை உடைத்துப் புதிய வாயில் வைக்கலாம். பழைய மாட்டுக்கொட்டகையை அகற்றினால் வண்டிகளை உள்ளேயே நிறுத்தலாம் என்றார் அவர். குறுந்தெருப் பக்கத்து வாயில் குடும்பத்தார் புழங்க மட்டும் என முடிவாயிற்று. திருத்திய வரைபடத்தைத் தலைமையாசிரியரிடமே முதலில் காட்டினாள். மூக்குக்கண்ணாடியை அணிந்து, விடைத்தாள் திருத்துவதுபோல் நெடுநேரம் பார்த்தார். பின்னர்த் தம் கைப்பட எழுதி, எதிர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

எனினும் கோப்பு எளிதில் நகரவில்லை. மாதங்கள் பல சென்றன. "கவனிக்க வேண்டியவரைக் கவனித்தால்" விரைவில் முடியும் என ஓர் இடைத்தரகர் வந்து சொன்னார்; மகள் அவரை வாசலிலேயே அனுப்பிவிட்டாள். அனுமதி என்னும் கருவிக்கு இரு முனை உண்டு என்பதை வரலாறும் காட்டுகிறது. சான் பிரான்சிஸ்கோ நகரில் 1880-இல், மரக்கட்டடத்தில் சலவையகம் நடத்த நகர மன்றத்தின் இசைவு வேண்டும் என விதி வந்தது. தீ விபத்தைத் தடுக்கும் விதி என்பது அதன் தோற்றம். விண்ணப்பித்த சீனர் ஏறத்தாழ 200 பேருக்கும் இசைவு மறுக்கப்பட்டது. மற்றையோர் ஏறத்தாழ 80 பேரில் ஒருவர் நீங்கலாக அனைவர்க்கும் கிடைத்தது. 1886-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் இப்பாகுபாடு செல்லாது எனத் தீர்ப்புரைத்தது. விதியின்படி வழங்கப்படும் அனுமதி அண்டைவீட்டாரைக் காக்கும். ஆளைப் பார்த்து வழங்கப்படும் அனுமதி எளியவரை வதைக்கும். அனுமதி கேட்பது குடிமகன் கடமை என்றால், காலத்தோடும் காரணத்தோடும் விடை சொல்வது அலுவலகத்தின் கடமை.

பதினான்கு மாதங்களுக்குப் பின் இசைவு வந்தது. வணிகக் கட்டணத்தில் தனி மின்னிணைப்புப் பெற்றாள். அலுவலகப் பகுதிக்கு உயர்ந்த சொத்துவரியும் கட்டுகிறாள். சுமைதான். ஆனால் எவர் வந்து கதவைத் தட்டினாலும் அவள் நெஞ்சு திடுக்கிடுவதில்லை. பணியாற்றும் நால்வரில் இருவர் நம் ஊர்ப் பெண்கள். தம் வீட்டில் முதன்முதலாக ஊதியம் பெற்றவர்கள்.

வீட்டிலிருந்தே தொழில் தொடங்கும் எண்ணம் இன்று இளைஞர் பலரிடம், குறிப்பாகப் பெண்களிடம், வளர்ந்து வருகிறது. வரவேற்கத்தக்கது. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலீட்டைக் கணக்கிடும் முன் உங்கள் மனை எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று பாருங்கள். விண்ணப்பம் எழுதும் முன் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். சுவர் நம்முடையதாக இருக்கலாம். தெரு எல்லாருக்கும் உரியது. அந்தத் தெருவில் நோயுற்றவர் உறங்கவும் உழைப்பவர் பிழைக்கவும் ஒருங்கே இடமிருக்கச் செய்வதே நகரமைப்பு என்னும் பெரிய சொல்லின் பொருள்.