கண்ணாடித் தூளும் பல்லேடியம் கணக்கும்

கைபேசியைப் பிரித்தால் (பிரிக்காதீர்கள், வாரண்டி போய்விடும் :-)) கடுகை விடச் சின்னதாகப் பழுப்புத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் தெரியும். அடுக்கு செராமிக் கெபாசிட்டர்கள். பேரியம் டைட்டனேட் என்ற பெரோவ்ஸ்கைட் பீங்கான் ஒரு படலம், உலோகம் ஒரு படலம், மறுபடி பீங்கான் என்று பரோட்டா மாதிரி.

சிக்கல் என்னவென்றால் இரண்டையும் சேர்த்தேதான் சூளையில் சுட வேண்டும். இந்தப் பீங்கான் தூள் கெட்டிப்பட சுமார் 1300 டிகிரி செல்சியஸ் வேண்டும். வெள்ளியோ 962-லேயே உருகிவிடும். பல்லேடியம் 1555 வரை தாங்கும். ஆனால் விலை? 2001 ஜனவரியில் ஒரு அவுன்ஸ் ஆயிரம் டாலரைத் தாண்டியது. ரஷ்யச் சரக்கு எப்போது வரும் என்று தெரியாது, கார் கம்பெனிகளோ புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டருக்கு அதையே அள்ளிக்கொண்டிருந்தன. அப்போது வெள்ளி 5 டாலருக்கும் கீழே.

இங்கேதான் கண்ணாடி வருகிறது. போரான், சிலிக்கா, துத்தநாக ஆக்சைடு எல்லாம் சேர்த்து உருக்கி அரைத்த தூளைக் கொஞ்சம் கலந்தால், அது முதலில் உருகி, பீங்கான் துகள்களின் இடுக்குகளில் பாய்ந்து அவற்றை நெருக்கி இழுக்கும். சூளை வெப்பம் 1100 பக்கம் இறங்கும். 70 பங்கு வெள்ளி, 30 பங்கு பல்லேடியம் போதும். எங்கள் பி.காம். புத்திக்கு இது அமோக லாபம்.

செலவுப் பக்கத்தையும் எழுதுவோம். பீங்கானின் டைஎலெக்ட்ரிக் மாறிலி 3000 என்றால் கண்ணாடிக்கு 6 இருக்கலாம். தடிமனில் வெறும் 1 சதவீதம் கண்ணாடி, மின்புலத்துக்குக் குறுக்கே முழுப்படலமாக நின்றுவிட்டால் மொத்த மாறிலி 500 ஆகிவிடும் (கெபாசிட்டர்களைத் தொடராக இணைக்கும் பிளஸ் டூ கணக்குதான், போட்டுப் பாருங்கள்). அதே கண்ணாடி துகள்களின் மூலைகளில் மட்டும் ஒதுங்கினால் நஷ்டம் மிகக் குறைவு. ஆனால் துகளை நன்றாக நனைக்கும் கண்ணாடிதான் நன்றாகச் சுட உதவும், அதுதான் துகளைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளவும் செய்யும்! எனவே ‘வெப்பத்தை இத்தனை டிகிரி குறைத்தோம்’ என்பதை மட்டும் கேட்டு நான் கைதட்ட மாட்டேன். மாறிலி எவ்வளவு மிஞ்சியது என்று சொல்லட்டும்.

பெரும்பாலான கம்பெனிகள் கடைசியில் நிக்கலுக்குத் தாவிவிட்டன. அது 1455 வரை தாங்கும், விலையும் மலிவு. காற்றில் சுட்டால் ஆக்சைடாகிவிடும் என்பதால் ஹைட்ரஜன் கலந்த வாயுவில் சுடுகிறார்கள். அதில் பீங்கான் ஆக்சிஜனை இழந்து மின்சாரத்தைக் கடத்த ஆரம்பிக்கும்; அதைத் தடுக்க மாங்கனீஸ், மெக்னீசியம் சேர்க்கிறார்கள். அந்தக் கலவையிலும் சிலிக்கா சேர்ந்த கண்ணாடிச் சரக்கு ஒரு சிட்டிகை உண்டு. துகள்கள் பெருத்துவிடாமல், குறைந்த வெப்பத்தில் கெட்டிப்பட.