கரும்புள்ளி வாழைப்பழம்

சென்ற மாதம், ஒரு சனிக்கிழமை காலை. என் பாட்டி வீட்டுக்கு அருகிலுள்ள ஈரச்சந்தைக்குச் சென்று ஒரு சீப்பு வாழைப்பழமும் ஒரு பப்பாளிப் பழமும் வாங்கி வந்தார். பையைத் திறந்து பார்த்த நான் முகம் சுளித்தேன். வாழைப்பழத் தோல் முழுவதும் கரும்புள்ளிகள்! பப்பாளியின் காம்புப் பகுதியில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது.

“எல்லாம் அழுகிய பழங்கள், பாட்டி!” என்று கூறியபடி, பையைக் குப்பைத்தொட்டியருகே கொண்டு சென்றேன்.

“நில், கண்ணு!” பாட்டியின் குரலில் என்றும் இல்லாத கடுமை. “நான் சிறுமியாக இருந்தபோது ஒரு வாழைப்பழத்தை நாங்கள் நால்வர் பகிர்ந்து உண்போம். நீ உரித்துக்கூடப் பார்க்காமல் எறியப் போகிறாயே!”

எனக்கு வெட்கமாக இருந்தது. பாட்டி ஒரு பழத்தை உரித்துக் கொடுத்தார். சதை வெண்மையாக இருந்தது, தேனாய் இனித்தது. காயிலுள்ள மாவுச்சத்து, கனியும்போது சர்க்கரையாக மாறுவதால் வந்த இனிப்பு அது.

“புள்ளி விழுந்தால் பழம் நன்றாகக் கனிந்துவிட்டது என்று பொருள். சதை கறுத்து நீர் வடிந்தாலோ புளித்த வாடை வீசினாலோதான் உண்ணக்கூடாது,” என்றார் பாட்டி.

பிறகு, அவர் கத்தியை எடுத்துப் பப்பாளியின் காம்புப் பகுதியை வெட்டப் போனார். “இந்த இடத்தை நீக்கிவிட்டால் மீதியை உண்ணலாம்,” என்றார்.

இம்முறை நான் தடுத்தேன். “வேண்டாம், பாட்டி. அது பூஞ்சை. வெளியே தெரிவது கொஞ்சம்தான். அதன் மெல்லிய இழைகள் மென்மையான பழத்தினுள் கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும். சில பூஞ்சைகள் நச்சுப்பொருளையும் உண்டாக்கும் என்று அறிவியல் பாடத்தில் படித்தேன்.”

பாட்டி தயங்கினார். காசு கொடுத்து வாங்கிய பழமாயிற்றே! சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர், தாமே அதைத் தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டார். “இத்தனை ஆண்டுகளாக வெட்டிவிட்டுத்தான் உண்டேன். இன்று உன்னிடம் கற்றுக்கொண்டேன்,” என்று சிரித்தார்.

சிங்கப்பூரில் நாம் உண்ணும் உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. தொலைவிலிருந்து வந்த பழத்தை ஒரு புள்ளிக்காக வீசுவது தவறு. சிக்கனம் கருதிப் பூஞ்சை பிடித்ததை உண்பதும் தவறு.

இப்போதெல்லாம் பாட்டியும் நானும் சேர்ந்தே சந்தைக்குச் செல்கிறோம். பாட்டி பழத்தை மெல்லத் தொட்டுப் பார்ப்பார். நான் காம்பை உற்றுப் பார்ப்பேன்.